கிங்ஸ்வே வீதியில் ஒரு மண்டபம்

இலண்டன் மாநகரின் நடுப்பாகத்தில், ஹொல்போர்ன் சந்தியிலிருந்து தெற்கு நோக்கி ஓல்ட்விச் வரை நேராகச் செல்லும் அகன்ற வீதிக்குக் கிங்ஸ்வே என்று பெயர். ஒடுங்கிய சந்துகளும் பழைய குடியிருப்புக்களும் நிறைந்திருந்த பகுதியை இடித்து வெளியாக்கி அமைத்த இவ்வீதியை 1905ஆம் ஆண்டிலே ஏழாம் எட்வேர்ட் மன்னர் திறந்துவைத்தார். இருமருங்கும் மரவரிசை, அவற்றின் பின்னே உயர்ந்த கற்கட்டடங்கள். அலுவலகம் செல்வோர் விரைந்து நடக்கும் வீதி இது; நின்று பார்ப்போர் அரியர். இவ்வீதியின் தென்கோடி நம்மவருக்குப் பழக்கமானதே. கண்ணால் அன்று, காதால். அங்கே நிற்கும் புஷ் ஹவுஸ் என்னும் மாளிகையிலிருந்துதான் பி.பி.சி.யின் தமிழோசை பல ஆண்டுகளாக ஒலிபரப்பாகி வந்தது. சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கிடையே அக்குரலுக்காகச் செவிசாய்த்துக் காத்திருந்த இல்லங்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எத்தனை எத்தனை! 2012ஆம் ஆண்டில் பி.பி.சி. அம்மாளிகையை விட்டு நீங்கியது. இன்று அங்கே பல்கலைக்கழக மாணவர் பயில்கின்றனர்.

எனினும் நாம் தேடிச் சென்றது புஷ் ஹவுஸ் அன்று. அதற்கு வடக்கே, கிங்ஸ்வேயும் கிறேற் குவீன் வீதியும் கூடும் பக்கத்தில், இப்போது இல்லாத ஒரு மண்டபம் நின்ற இடத்தையே தேடிச் சென்றோம்.

அவ்விடத்திலே இன்று பயணிகள் தங்கும் விடுதியொன்று இருக்கிறது. சில்லு வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருவோரும் போவோருமாக அதன் வாயில் ஓயாதிருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையிற் சற்று நேரம் நின்று பார்த்தோம். 1998இல் இடிக்கப்பெறும் வரை இங்கு நின்றது மெதடிஸ்த சபையாரின் கிங்ஸ்வே மண்டபம். 1912இல் திறக்கப்பெற்றது. ஏழைகளுக்கு உதவும் பணிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குமாகக் கட்டியது. டொனால்ட் சோப்பர் என்னும் புகழ்பெற்ற போதகர் 1936 முதல் 1978 வரை இதனைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றினார். ஹைட் பூங்காவில் வெட்டவெளியில் நின்று, குறுக்குக் கேள்வி கேட்போரோடு வாதிட்டவரும் அவரே.

பிரசங்கத்துக்கென அமைந்த இம்மண்டபத்துக்கு எவரும் எதிர்பாராத ஒரு வரம் வாய்த்தது. இங்கே இசைக்கும் ஒலி சுவர்களிற் பட்டு நிறைந்து மலரும்; ஆயினும் ஒன்றோடொன்று குழம்பாது. வயலின் வயலினாகவும் கொம்பு கொம்பாகவும் தனித்தனி விளங்கும். நமது கோயில் வசந்தமண்டபங்கள் சிலவற்றிலே நாதஸ்வரம் ஒலிக்கும்போது கற்றூண்களும் உடன் இசைப்பன போலத் தோன்றுமன்றோ? அத்தகைய பேறு என்று கொள்க. 1920களின் நடுப்பகுதியிலேயே இசைத்தட்டு நிறுவனத்தார் இதனைக் கண்டுகொண்டனர். பின்னர் டெக்கா, ஈ.எம்.ஐ. என்னும் போட்டி நிறுவனங்கள் இரண்டுமே இங்கு வந்து பதிவு செய்தன. மேனாட்டுச் செவ்விசைப் பதிவுகளிற் புகழ்பெற்றவை பல இம்மண்டபத்திற் பிறந்தவை.

குறைகளும் இருந்தன. தளம் சமதளமன்று, சரிவு. வாத்தியக்காரர் நாற்காலிகளை ஒழுங்குசெய்வதே ஒரு பாடு. அதனினும் பெரிய குறை நிலத்தின் கீழே இருந்தது. ஹொல்போர்னிலிருந்து ஓல்ட்விச்சுக்குச் செல்லும் நிலக்கீழ் இரயில் மண்டபத்தின் அடியிலேயே ஓடிற்று. இசை உச்சத்தில் நிற்கும்போது அது கேளாது. ஒற்றைப் புல்லாங்குழல் உயிர்விட்டு அடங்கும் வேளையிலே பூமிக்குள் யாரோ பாறாங்கல்லை உருட்டுவது போன்ற முழக்கம் எழும். இம்மண்டபத்துப் பதிவுகள் பலவற்றிலே, செவிக்கருவி அணிந்து கூர்ந்து கேட்போர் அம்முழக்கத்தை இன்றும் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்னோமே, நம்மை இங்கு இழுத்துவந்தது யாது? செவ்விசை மேதைகளின் ஆக்கமன்று. பழைய ஹொலிவூட் படங்களின் இசை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே படத்துக்காக எழுதிய இசைக்கும் இலண்டனில் உள்ள தொழுகை மண்டபத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவுவர்.

1930களிலும் 40களிலும் ஹொலிவூட்டின் பெரிய படநிறுவனங்கள் தத்தமக்கெனப் பல்லியக் குழுக்களையும் இசையாசிரியர்களையும் சம்பளத்துக்கு வைத்திருந்தன. பல்லியம் என்று இங்கு சொல்வது, ஐம்பது அறுபது பேர் ஏட்டைப் பார்த்து ஒருங்கே வாசிக்கும் மேனாட்டுப் பெருங்குழுவை. அவர்கள் வாசித்ததெல்லாம் மக்கள் செவிக்கு எட்டியதா எனின், இல்லை. கதாநாயகி வாய்திறந்தவுடன் ஒலிகலப்போர் இசையைத் தாழ்த்திவிடுவர். போர்க்காட்சியில் வாளோசையும் கூக்குரலும் முந்தும். எஞ்சியதும் படச்சுருளின் ஓரத்திலே ஒடுங்கியதொரு கீற்றாகப் பதிந்து, கொட்டகை ஒலிபெருக்கியில் மேற்சுரமும் கீழ்ச்சுரமும் தேய்ந்து வெளிவந்தது. இசையாசிரியர் எழுதியதிற் பாதியைத்தான் கேட்டோம் என்று சொன்னாலும் அது தாராளமான கணக்கே.

அவ்வாசிரியர்களிற் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். 'கிங் கொங்' (1933), 'கோன் வித் த விண்ட்' (1939) ஆகியவற்றுக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்ரைனர் வியன்னாவிற் பிறந்தவர். மிக்லோஸ் றோசா புடாப்பெஸ்ற் நகரத்தவர். பிரான்ஸ் வக்ஸ்மன் பேர்லின் வீதியில் நாற்சிக் காடையரால் தாக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறியவர். நமது நாட்டிலே படமாக்கப்பெற்ற 'எலிபன்ற் வோக்' (1954) என்னும் படத்துக்கு இசை தந்தவரும் அவரே. இவர்களுள் எரிக் வொல்ப்காங் கோர்ன்கோல்ட் என்பவரின் கதை சற்று விரித்துச் சொல்லத்தக்கது.

1897இற் பிறந்த கோர்ன்கோல்ட், பதின்மூன்று வயதில் வியன்னா அரசவை அரங்கிலே தமது நாட்டிய நாடகம் அரங்கேறக் கண்டவர். இருபத்துமூன்று வயதில் 'மாண்ட நகரம்' எனப் பொருள்படும் பெயருடைய இசைநாடகத்தால் ஜேர்மன் மொழி வழங்கும் நாடெங்கும் புகழ்பெற்றார். 1934இல் ஒரு படவேலைக்காக ஹொலிவூட் சென்றவர், பின் வியன்னாவுக்கும் ஹொலிவூட்டுக்குமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். 1938 ஜனவரியிலே, வியன்னாவில் அவர் இருக்கையில், 'றொபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க வருமாறு வார்ணர் நிறுவனத்தார் தந்தி அனுப்பினர். மனைவியோடும் ஒன்பது வயது நிரம்பிய இளைய மகன் ஜோர்ஜோடும் கப்பலேறினார். அங்கு சென்று படத்தைப் பார்த்தபின், "இது என்னால் ஆகாது, இது முழுவதும் சண்டையும் ஓட்டமுமாக இருக்கிறது" என்ற கருத்துப்பட மறுத்துவிட்டார். அவ்வேளையிலேதான் ஒஸ்திரியாவின் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகி வரும் செய்தி கிடைத்தது. பணியை ஏற்றார். மார்ச்சு மாதம் ஹிட்லரின் படை வியன்னாவிற் புகுந்தது. யூதராகிய அவர் அப்போது அங்கிருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அப்படமே தம் உயிரைக் காத்தது என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதற்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது.

ஆனால் உயிரைக் காத்த அதே தொழில் பெயரை அழித்தது. போர் முடிந்தபின் அவர் மீண்டும் செவ்விசை எழுதினார். படத்துக்கு எழுதிய கை என்று விமரிசகர் இகழ்ந்தனர். 1957இல், ஐரோப்பா தம்மை மறந்துவிட்ட நிலையிலே இறந்தார்.

படஇசையின் ஏடுகளுக்கு நேர்ந்ததும் நன்றன்று. ஒரு படம் கொட்டகைகளைச் சுற்றி முடிந்தபின் அதன் இசைத்தாள்களால் நிறுவனத்துக்கு வேலையில்லை. அவை பெட்டியில் அடைந்து கிடந்தன. எம்.ஜி.எம். நிறுவனத்திலோ, 1969ஆம் ஆண்டளவிலே, பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த இசைத்தாள்களைக் குப்பையோடு குப்பையாக மண்ணில் இட்டு மூடிவிட்டனர். இடம் போதவில்லை என்பதே காரணம். செல்லரித்த ஏடென்றால் செல்லை நோகலாம். இதற்கு யாரை நோவது?

இந்நிலையிலேதான் சார்ள்ஸ் கெர்ஹார்ட் என்னும் அமெரிக்கர் வருகிறார். ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக இலண்டனிற் பதிவுகள் நடத்திவந்தவர் அவர். சிட்னி சாக்ஸ் என்னும் வயலின் வித்துவானோடு சேர்ந்து 1964இல் ஒரு பல்லியக் குழுவைத் தொடங்கினார். பின்னர் நஷனல் பில்ஹார்மோனிக் எனப் பெயர்பெற்ற அக்குழு விநோதமானது. அதற்குச் சொந்த அரங்கில்லை; பதிவு செய்வதற்கென்றே கூடும், முடிந்ததும் கலையும். இலண்டனின் பெரிய குழுக்களில் வாசிக்கும் தேர்ந்த கலைஞரே அதில் இருந்தனர்; புதிய தாளை முன்னே வைத்தால் அப்பொழுதே பிழையின்றி வாசிக்க வல்லவர்கள். 1972இலே கெர்ஹார்ட் அக்குழுவைக் கிங்ஸ்வே மண்டபத்திற் கூட்டி, கோர்ன்கோல்டின் படஇசையைப் பதிவு செய்தார். பதிவுக்குத் தயாரிப்பாளராக உடனிருந்தவர் யார் என நினைக்கிறீர்கள்? 1938இல் தந்தையோடு கப்பலேறிய அச்சிறுவன் ஜோர்ஜ் கோர்ன்கோல்ட்! கையும் கணக்கும் அறிந்த நடுவயதினராய், தந்தை எழுதியதைத் தந்தையின் கருத்துப்படி வாசிப்பிக்க அவர் அங்கே இருந்தார்.

ஒலிப்பொறியாளர் கென்னத் வில்கின்சன். டெக்கா நிறுவனத்தில் வளர்ந்த இவர் கிங்ஸ்வே மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். நடத்துநரின் தலைக்குமேலே மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாகத் தொங்கவிடுவது டெக்காவின் முறை. வாத்தியந்தோறும் ஒலிவாங்கி வைத்துப் பின்பு மேசையிலே கூட்டிக் குறைக்கும் வழக்கம் வளர்ந்துவந்த காலத்தில், மண்டபம் தருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும் இம்முறை எளியதுபோலத் தோன்றும். எங்கே தொங்கவிடுவது என்பதில் இருந்தது வித்தை.

'த சீ ஹோக்' என்ற பெயரோடு வெளிவந்தது அவ்விசைத்தட்டு. 1940இல் வந்த கடற்படத்தின் பெயர் அது. எறல் பிளின் நடித்தது. தொடக்கத்திலே எக்காளங்கள் ஒருமித்து எழுகின்றன. மறுகணமே வயலின்கள் பாய்மரம் விரிவதுபோல அகன்று ஏந்திக்கொள்கின்றன. பழைய படத்தில் தகரப் பெட்டிக்குள் ஒலித்ததுபோன்ற அந்த எக்காளம் இங்கே சுவரைத் தொட்டுத் திரும்பி வருவதைக் கேட்கிறோம். அடியிலே முரசின் அதிர்வு நெஞ்சிற் படுகிறது. 'ஸ்ரார் வோர்ஸ்' (1977) படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையை நமது பிள்ளைகள் அறிவர். அவர்கள் இதே தட்டில் உள்ள 'கிங்ஸ் றோ' (1942) படத்தின் முகப்பிசையைக் கேட்டால், பேரனைப் பார்த்தபின் பாட்டனைப் பார்ப்பதுபோன்று சாயலை உடனே அறிந்துகொள்வர்.

தட்டு நன்கு விற்பனையாயிற்று. தொடர்ந்து ஸ்ரைனர், வக்ஸ்மன், றோசா, அல்பிரட் நியூமன், டிமித்ரி தியோம்கின் ஆகியோரின் இசை சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாய் வெளிவந்தது. கோர்ன்கோல்டின் 'மாண்ட நகரம்' 1975இல் மியூனிக் நகரிலே முழுமையாகப் பதிவாயிற்று. இன்று அவரது வயலின் கொன்சேர்ட்டோவை உலகின் முதன்மையான வித்துவான்கள் வாசிக்கின்றனர். படங்களுக்காக அவர் எழுதிய மெட்டுக்கள் அதனுள்ளே இருக்கின்றன என்பதற்காக இப்போது எவரும் முகஞ்சுளிப்பதில்லை.

எனினும் இப்பதிவுகள் யாவற்றையும் தலைமேற் கொள்ளவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கெர்ஹார்ட் ஒவ்வொரு படத்திலிருந்தும் சிற்சில பகுதிகளையே எடுத்தார். 'றொபின் ஹூட்' இசை மிக நீண்டது. அவர் தட்டில் அதற்குக் கிடைத்ததோ சில நிமிடங்கள். விருந்துக்கு அழைத்து ஒரு கவளம் தந்ததுபோலத்தான்! மற்றொன்று இன்னும் நுட்பமானது. 'சிற்றிசன் கேன்' (1941) படத்தில் பெருஞ்செல்வனொருவன் தன் மனைவியைப் பாடகியாக்க முயல்கிறான். அவளுக்குக் குரல்வளம் இல்லை. அவள் மேடையேறும் காட்சிக்காக பேர்னார்ட் ஹேர்மன் இசைநாடகப் பாடலொன்றை வேண்டுமென்றே கடினமாக எழுதினார். பல்லியத்தின் பேரலையிலே அச்சிறு குரல் அமிழ்ந்துபோக வேண்டும் என்பது அவர் கருத்து. 1974இல் கெர்ஹார்ட் அதே பாடலைக் கிரி தே கனாவாவைக் கொண்டு பாடுவித்தார். நியூசிலாந்திற் பிறந்த அப்பாடகியின் குரல் அலைமேல் ஏறி நிற்கிறது. படத்தில் அவள் தோற்கவேண்டும், இசைத்தட்டில் வெல்கிறாள். கேட்கப் பேரின்பம். ஆனால் ஹேர்மன் எழுதிய கதை அதுதானா? மாணவர்கள் படத்தின் காட்சியையும் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுத் தாமே தீர்மானிக்கலாம். நமக்குத் தோன்றுவது, அந்த ஒரு பாடலைப் பொறுத்தவரை படமே மேல். ஏனையவற்றிலே மண்டபமே மேல்.

1984ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு கிங்ஸ்வே மண்டபத்தில் இசைப்பதிவு நின்றது. கட்டடம் பழுதுற்றிருந்தது, பதினான்கு ஆண்டுகள் சென்றபின் இடித்தனர். கெர்ஹார்ட் 1999இல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலை வேறு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தது. 1990களிலே மொஸ்கோவின் மொஸ்பிலிம் படநிலையத்தில், வில்லியம் ஸ்ரொம்பேர்க், ஜோன் மோர்கன் என்னும் அமெரிக்கர் இருவர் மொஸ்கோ சிம்பொனிக் குழுவைக் கொண்டு, சில நிமிடங்கள் அல்ல, படத்தின் முழு இசையையும் பதிவு செய்யத் தொடங்கினர். 'கிங் கொங்' இசையை முழுமையாகக் கேட்கமுடிந்தது அவர்களால். செக் நாட்டுப் பிராக் நகரிலே றோசாவின் 'எல் சித்' (1961) முழுவதும் பதிவாயிற்று. முழுமை வேண்டுவோர் அவற்றை நாடுக. அம்மண்டபத்தின் ஒலி மட்டும் அவற்றில் இல்லை.

மண்ணில் இட்டு மூடிய எம்.ஜி.எம். ஏடுகளின் கதை என்னவாயிற்று? ஜோன் வில்சன் என்னும் ஆங்கிலேய நடத்துநர் படங்களை மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டு, இரண்டாவது வயலின் என்ன வாசிக்கிறது, மூன்றாவது எக்காளம் எங்கே நுழைகிறது என்று காதாலேயே பிரித்தறிந்து, இசைத்தாள்களைத் திரும்ப எழுதினார். பேச்சுக்கும் காலடி ஓசைக்கும் கீழே அமிழ்ந்து கிடந்தவற்றையும் அவ்வாறே மீட்டார். இவ்வேலைக்குப் பல ஆண்டுகள் சென்றன. 2009இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்திலே தமது குழுவைக்கொண்டு அவற்றை வாசிப்பித்தார். மறைந்துபோன யாழை நூற்குறிப்புக்களைக் கொண்டே விபுலாநந்த அடிகள் மீட்டெடுத்த வரலாற்றை அறிந்த நம்மவர்க்கு, இத்தகைய உழைப்பின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

விடுதி வாயிலை விட்டுத் தெற்கே நடந்தோம். கிங்ஸ்வே முடிந்து, புஷ் ஹவுஸைச் சுற்றிச் சென்றால் ஸ்ராண்ட் வீதி வருகிறது. அவ்வீதியிலே, செங்குருதி நிறத்து ஓடு பதித்த முகப்போடு, பழைய ஓல்ட்விச் நிலக்கீழ் இரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. மண்டபத்தின் அடியிலே முழங்கிய இரயில் இங்கு வந்துதான் நின்றது. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்கள் இதன் சுரங்கத்தில் உறங்கினர். பிரித்தானிய நூதனசாலையின் அரும்பொருள்களும் இதற்குள்ளே மறைத்து வைக்கப்பெற்றன. 1994 செப்டெம்பரில் அந்தக் கிளைப்பாதையை மூடிவிட்டனர். இரயில் ஓடாவிட்டாலும் நிலையம் சும்மா இருக்கவில்லை. பழைய காலத்து நிலக்கீழ் நிலையம் வேண்டும் படப்பிடிப்பாளர் வாடகை கொடுத்து இங்கேதான் வருகின்றனர். குறிப்பிட்ட நாட்களிலே போக்குவரத்து நூதனசாலையாரும் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டுகின்றனர். நாம் சென்ற நாள் அவற்றுள் ஒன்றாக அமையவில்லை. பூட்டிய கதவின் இடுக்கினூடே உள்ளே எட்டிப் பார்த்தோம். இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மழை தூறத் தொடங்கவே, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.